மஞ்சளும் சாம்பிராணியும்: முகப்பூச்சைத் தேடிப் பினாங்கில் ஒரு நாள்

பினாங்கு என்றதும் நம்மவர்களுக்குத் தைப்பூசமும் தண்ணீர்மலைக் கோயிலும் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்குக் கொடிமலை ரயில். கல்யாண வீட்டாருக்குச் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும். இவற்றைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது அதே பினாங்கில் வேறொரு வேலையாகச் சுற்றிவந்த கதை. முகத்துக்கும் மேனிக்கும் நாம் பூசுகிற பொருள்கள் எங்கிருந்து வருகின்றன, அவை கெடாமல் இருப்பது எதனால், அவற்றுள் நம்மைக் கெடுப்பவை எவை என்று பார்த்துவரப் போன பயணம் அது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று தோட்டமானாலும் பட்டணமானாலும் பெண்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "இது முழுக்க இயற்கையாம்", "இதில் இரசாயனமே இல்லையாம்", "கெடாமல் இருக்க மருந்து எதுவும் சேர்க்கவில்லையாம்." கைத்தொலைபேசியைத் திறந்தால் அதே விளம்பரம். இரவுச் சந்தைக்குப் போனால் அதே கூவல். ஒரு சின்ன டப்பாவுக்கு நாற்பது வெள்ளியும் கேட்கிறார்கள், எண்பது வெள்ளியும் கேட்கிறார்கள். செம்பனைக் குலை அறுத்தும், உதிரிப் பழம் பொறுக்கியும், பால்மரம் வெட்டியும் சேர்த்த காசு அது. அந்தக் காசுக்கு நல்லது கிடைக்கிறதா, நஞ்சு கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்வது அவசியமல்லவா?

லெபோ குயினில் மஞ்சள் வாசம்

பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் ஏறினேன். கார்களையும் சுமந்து சென்ற பழைய பெரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. அக்கரையில் இறங்கிச் சற்று தூரம் நடந்தால் லெபோ பசார், லெபோ பினாங்கு, லெபோ குயின் என்று நம்மவர் கடைகள் நிறைந்த தெருக்கள் வந்துவிடும். லெபோ குயினில் 1833-இல் கட்டப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தேன்.

நாட்டு மருந்துச் சாமான்கள் சாக்குகளிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் வரிசையாக இருந்தன. விரலி மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், பயத்த மாவு, சீயக்காய், சந்தனக் கட்டை. நம் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது இந்த வழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். லயத்து வீட்டில் கண்ணாடி இல்லாவிட்டாலும் மஞ்சள் உரசும் கல் இருந்தது.

கடைக்காரப் பெரியவரிடம், "ஐயா, இந்தக் குளியல் பொடி எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அம்மா, இது தூளு. ஈரம் படாம மூடி வெச்சா மாசக் கணக்குல இருக்கும். தண்ணி ஊத்திக் குழைச்சிட்டீங்கன்னா அன்னிக்கே தீத்துடணும். மறுநாள் வெச்சா வாடை வந்துடும்" என்றார்.

நான் தேடிப் போனதில் பாதி அந்த ஒரு பேச்சிலேயே கிடைத்துவிட்டது. பொடியில் ஈரம் இல்லை. ஈரம் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது, பூசணமும் பூக்காது. அதனால் பொடிக்குத் தனியே காவல் தேவையில்லை. தண்ணீர் சேர்ந்த கணம் முதல் காவல் தேவைப்படுகிறது. இன்று கடைகளில் விற்கும் முகக் களிம்புகளிலும் லோஷன்களிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்து செய்வதே களிம்பு. அந்தத் தண்ணீருக்குத்தான் காவலாகப் பதனப் பொருள் சேர்க்கிறார்கள்.

அதே கடையில் குங்குமத்தையும் பார்த்தேன். நல்ல குங்குமம் மஞ்சளிலிருந்தே வருகிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் நம் பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் விலை குறைக்க வேண்டிச் சாயமும், சில இடங்களில் ஈயம் கலந்த சிவப்புப் பொடியும் குங்குமம் என்றும் சிந்தூரம் என்றும் விற்கப்படுவதுண்டு. ஈயம் கலந்த சிந்தூரம் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதுவும் பூமியிலிருந்து தோண்டி எடுக்கிற பொருள்தான். ஆகவே "இயற்கை" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி எதையும் நெற்றியில் இட்டுவிடக் கூடாது.

சாம்பிராணி சொல்லும் கதை

அந்தக் கடையின் மூலையில் ஒரு தகர டப்பா நிறையச் சாம்பிராணிக் கட்டிகள் இருந்தன. மலாய்க்காரர்கள் இதைக் கெமெனியான் என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டில் புகை போடுகிறோமே, அந்தச் சாம்பிராணிக்கும் முகக் களிம்புக்கும் ஓர் உறவு உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இது பினாங்குக்கு எதிர்க்கரையான சுமத்ராவின் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின். மரத்தின் பட்டையைக் கீறிவிட்டால் பிசின் ஊறி வந்து காற்றுப் பட்டு இறுகும். பால்மரம் வெட்டும் நமக்கு இது புதிய வித்தையல்ல. வெட்டுக் கத்தியும் மரமும்தான் வேறு. அரபு வணிகர்கள் இதற்கு 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டுக் குங்கிலியம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் ஐரோப்பியர் வாயில் சிதைந்து 'பென்சாயின்' ஆயிற்று.

இந்தப் பிசினிலிருந்து வெண்ணிறமான ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பென்சாயிக் அமிலம். பழைய மருந்துக் கடைகளில் களிம்பு செய்யக் கொழுப்பைத்தான் பயன்படுத்தினார்கள். கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். அதனால் அதோடு இந்தச் சாம்பிராணியைச் சேர்த்துக் காய்ச்சி வைத்தார்கள். கெடாமல் இருந்தது. இன்று பென்சாயிக் அமிலத்தை ஆலைகளில் பெட்ரோலியத்திலிருந்து பெறும் பொருளைக் கொண்டு செய்கிறார்கள். முகக் களிம்பின் லேபிளில் மட்டுமல்ல, சாஸ் புட்டியிலும் குளிர்பானப் புட்டியிலும் இதன் உப்பான 'சோடியம் பென்சோவேட்' என்ற பெயரைக் காணலாம்.

மரத்திலிருந்து எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் பென்சாயிக் அமிலம் பென்சாயிக் அமிலமே. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "இரசாயனம்" என்ற சொல்லைக் கேட்டாலே நாம் மிரளுகிறோம். நாம் பக்தியோடு புகை போடும் சாம்பிராணிக்குள்ளேயே அந்த இரசாயனம் இருக்கிறது.

சௌராஸ்தாவில் ஊறுகாய்ப் பாடம்

பிறகு பினாங்கு ரோட்டிலுள்ள சௌராஸ்தா சந்தைக்குப் போனேன். மாங்காய், நெல்லிக்காய், ஜாதிக்காய்ச் சதை என்று ஊறவைத்த பழங்களுக்குப் பேர்போன இடம். கண்ணாடி ஜாடிகளில் பச்சையும் மஞ்சளுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் பை பையாக வாங்கிப் போகிறார்கள்.

அழகுப் பொருளைத் தேடிப் போனவள் ஊறுகாய்க் கடையில் ஏன் நின்றாள் என்று கேட்கிறீர்களா? ஊறுகாய் போடத் தெரிந்த பெண்ணுக்குப் பதனப் பொருளைப் பற்றி வேறு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாங்காயில் உப்பு ஏன் போடுகிறோம்? எண்ணெய் ஏன் மேலே நிற்கவேண்டும் என்கிறோம்? ஈரக் கரண்டியை ஏன் விடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம்? உப்பும் சர்க்கரையும் தண்ணீரைக் கிருமிக்கு எட்டாமல் பிடித்துவைத்துக் கொள்கின்றன. புளிப்பு கிருமியை அடக்குகிறது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. அடுப்படியில் நாம் செய்வதையே ஆலையிலும் வேறு பொருள்களைக் கொண்டு செய்கிறார்கள். முகக் களிம்பில் அவ்வளவு உப்புப் போட முடியாதல்லவா?

'பேராபென்' என்ற பெயரை இப்போது பலரும் கேள்விப்படுகிறார்கள். "பேராபென் இல்லை" என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிடுகிறார்கள். இது 1920-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் பதனப் பொருள். ஆசியான் நாடுகளின் விதிப்படி ஒரு வகைப் பேராபெனை 100 கிராம் களிம்பில் 0.4 கிராமுக்கு மேல் சேர்க்கக்கூடாது. சட்டியில் போடும் உப்பை விட மிகமிகக் குறைவு. இதன் எல்லா வகையும் ஒன்றல்ல. போதிய பாதுகாப்புச் சான்று இல்லாத ஐந்து வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடை செய்தது. மெத்தில் பேராபென் போன்றவை அளவுக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டுள்ளன. பதனப் பொருள் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் தருவதும் உண்மையே. அப்படிப்பட்டவர்கள் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு விலகவேண்டும். எல்லாரும் அஞ்சவேண்டியதில்லை.

காவல் இல்லாத களிம்பில் என்ன நடக்கும்? கையால் தொட்டுத் தொட்டு எடுக்கிறோம். குளியலறையின் ஈரத்தில் திறந்து வைக்கிறோம். நம் நாட்டுச் சூட்டில் கிருமி பெருகச் சொல்லவேண்டுமா? பார்வைக்குக் களிம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். அதைக் கண்ணோரத்திலோ, கத்தி பட்ட விரலிலோ, வெடித்த குதிகாலிலோ பூசினால் சீழ் வைக்கும். பதனப் பொருள் இல்லை என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சங்கதியல்ல. தண்ணீர் உள்ள களிம்பில் பதனப் பொருளும் இல்லை, ஆனால் 2 வருடம் கெடாது என்று ஒருவர் சொன்னால், வேறு பெயரில் ஏதோ இருக்கிறது, அல்லது அவர் பொய் சொல்கிறார் என்று பொருள்.

கற்றாழையைப் பாருங்கள். அதன் சோற்றில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர்தான். வீட்டு வாசலில் வெட்டி எடுத்தது மறுநாளே நிறம் மாறி நாறத் தொடங்கும். டப்பாவில் பச்சைப் பசேலென்று மாதக்கணக்கில் நிற்கும் கற்றாழைக்கு நிறமும் சேர்ந்திருக்கிறது, காவலும் சேர்ந்திருக்கிறது. அது குற்றமல்ல. இல்லை என்று மறைப்பதுதான் குற்றம்.

குளிர்ந்த பவுடர்

சந்தையை ஒட்டிய சிறு கடை ஒன்றில் பெடாக் செஜோக் கிடைத்தது. குளிர்ந்த பவுடர் என்று பொருள். மலாய்ப் பெண்களும் நியோன்யாப் பெண்களும் தலைமுறை தலைமுறையாகப் பூசிவரும் அரிசிப் பூச்சு இது. நம் வீடுகளிலும் வேர்க்குருவுக்கு இதைப் பூசியவர்கள் உண்டு.

இதைச் செய்யும் விதத்தை அறிந்தால் ஆச்சரியமாக இருக்கும். அரிசியைத் தண்ணீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சில நாள்களில் புளித்து நாற்றமெடுக்கும். விடாமல் நீரை மாற்ற மாற்ற, வாரக்கணக்கில் அந்த நாற்றம் அடங்கி, அரிசி தொட்டாலே உதிரும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு அரைத்து, வடித்து, பாண்டான் இலையின் மணமோ பூமணமோ ஏற்றி, துணியின் மேல் சொட்டுச் சொட்டாக இட்டு வெயிலில் காயவைப்பார்கள். நாம் கூழ் வற்றல் இடுவதைப் போலத்தான். காய்ந்த சொட்டுகள் சுக்காக இருக்கும். அப்படியே புட்டியில் போட்டு வைத்தால் நெடுநாள் இருக்கும். வேண்டும்போது இரண்டு மூன்றை எடுத்து உள்ளங்கையில் நீர் விட்டுக் குழைத்துப் பூச வேண்டியதுதான்.

பதனப் பொருள் எதுவும் சேர்க்காமலே நிலைத்து நிற்கும் பொருள் இது. காரணம், மளிகைக் கடைப் பெரியவர் சொன்ன அதே காரணம். காய்ந்தது கெடாது. நம் மஞ்சள் பொடிக்கும் இந்த அரிசிச் சொட்டுக்கும் காவல் வெயில்தான்.

பாலிக் பூலாவின் ஜாதிக்காய்

மத்தியானத்துக்கு மேல் பேருந்தில் பாலிக் பூலாவுக்குக் கிளம்பினேன். தீவின் முதுகுப்புறத்தில் மலைகளுக்கு அப்பால் இருக்கும் ஊர். தூரியானுக்கும் ஜாதிக்காய்க்கும் பெயர் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலுக்கஸ் தீவுகளின் ஜாதிக்காய்க் கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டார்கள். 1860-களில் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தன. மிஞ்சியவற்றின் வழி வந்த மரங்கள் இன்றும் சரிவுகளில் நிற்கின்றன.

இங்கே ஜாதிக்காய் எண்ணெயும் ஜாதிக்காய்த் தைலமும் விற்கிறார்கள். கை கால் வலிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் வாங்கிப்போவார்கள். இந்தத் தைலக் கட்டிகளில் மெழுகும் எண்ணெயும்தான் இருக்கும். தண்ணீர் இல்லாததால் கிருமி அண்டாது.

நம் வீட்டில் காய்ச்சும் கூந்தல் தைலமும் இந்த இனம்தான். செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி எல்லாம் போட்டுத் தேங்காயெண்ணெயைக் காய்ச்சும்போது, "சடசடப்பு அடங்கும்வரை இறக்காதே" என்பார்கள் பாட்டிமார். அந்தச் சடசடப்பு பச்சிலையின் நீர் கொதித்து வெளியேறும் ஓசை. ஓசை அடங்கினால் நீர் போயிற்று என்று அர்த்தம். பச்சையாக இலையை எண்ணெயில் போட்டு வைத்தால் பூசணம் பூத்துவிடும். படிக்காத கிழவியின் பேச்சில் எத்தனை பெரிய விஞ்ஞானம் இருக்கிறது, பாருங்கள். எண்ணெய்க்கு இன்னொரு பகை உண்டு. அது காற்றும் வெளிச்சமும். அவை பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே நிறமுள்ள புட்டியில் ஊற்றி, நிழலில் வையுங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மரத்தில் காய்ப்பதெல்லாம் முகத்துக்கு ஆகாது. முகம் வெளுக்கும் என்று எலுமிச்சம் பழத்தையோ லீமாவையோ தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்கள் உண்டு. அந்தச் சாற்றில் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள் இருக்கிறது. கொப்புளம் கண்டு, பிறகு மாதக்கணக்கில் கறுத்த திட்டாக நிற்கும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் தோட்டத்துப் பெண்களுக்கு இது சற்றும் ஆகாது. வெளுக்கப் போட்டது கறுக்கடிக்கும். வாசனைத் தைலங்களையும் தனியாக முகத்தில் தடவக்கூடாது. மிகக் காரமானவை அவை.

பிறையில் நம் வியர்வை

பொழுது சாயும் நேரத்தில் மீண்டும் அக்கரைக்கு வந்தேன். பட்டர்வொர்த்தை அடுத்த பிறைத் தொழிற்பேட்டையில் செம்பனை எண்ணெயிலிருந்து சோப்புக்கும் களிம்புக்கும் வேண்டிய மூலப்பொருள்களைச் செய்யும் ஆலை இருக்கிறது. உள்ளே போக நமக்கு அனுமதி இல்லை. ஆனால் அங்கே நடப்பதை விளக்கிச் சொல்லலாம்.

செம்பனைப் பழத்தில் இருவகை எண்ணெய் உண்டு. சதையிலிருந்து வருவது ஒன்று, பருப்பிலிருந்து வருவது இன்னொன்று. எண்ணெயைச் சூட்டிலும் அழுத்தத்திலும் நீரோடு சேர்த்துப் பிளந்தால் ஒருபக்கம் கொழுப்பு அமிலங்களும், மறுபக்கம் கிளிசரினும் பிரியும். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். அதனால் லோஷன் பூசினால் தோல் காயாமல் இருக்கிறது. அந்தக் காலத்தில் 'ஸ்நோ' என்று நம் அம்மாமார் பூசினார்களே, அந்த வெள்ளைக் களிம்புக்கு உடம்பு கொடுப்பது ஸ்டியரிக் அமிலம். பருப்பு எண்ணெயில் தேங்காயெண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் நிறைய இருக்கிறது. ஷாம்பூவில் நுரை தரும் பொருளை அதிலிருந்து செய்கிறார்கள். எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும் வைட்டமின் ஈயும் செம்பனையில் உண்டு.

மலாயாவில் வர்த்தக முறையில் செம்பனை முதன்முதலாக 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பயிரிடப்பட்டது. பெயரைக் கேட்டாலே யார் கை பட்ட தோட்டம் என்று தெரியும். வெளிநாட்டுக் கடையில் பளபளக்கும் பெட்டியில் இருக்கும் களிம்பானாலும் அதன் உள்ளே இருப்பதில் ஒரு பங்கு நாம் அறுத்துப் போட்ட குலையாக இருக்கலாம். பெட்டியின் பகட்டைக் கண்டு மயங்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இரவுச் சந்தையில் விற்கும் நஞ்சு

அன்று இரவு தோட்டங்களுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் இரவுச் சந்தைக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மேசை நிறைய முகக் களிம்புகள். "ஏழே நாளில் வெளுப்பு", "மூலிகைக் களிம்பு", "மருந்து கலக்காதது" என்று அட்டை தொங்கியது. ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை. ஊர் இல்லை. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. எண்ணும் இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணோடு வந்திருந்த ஒரு தாய் இரண்டு டப்பா கேட்டார்.

"அக்கா, இதுல என்ன சேர்ந்திருக்குன்னு போடலையே?" என்று நான் மெல்லச் சொன்னேன்.

"என்னம்மா பண்றது, மாப்பிள்ளை வீட்டுல நிறம் கேக்குறாங்களே" என்றார் அவர். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நம் சமூகத்தின் நோயே அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

வாசகர்களே, ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் மூலிகை உலகத்தில் கிடையாது. அப்படி வெளுத்தால் பெரும்பாலும் பாதரசமோ, ஹைட்ரோகுயினோனோ, ஸ்டீராய்டு மருந்தோ அதில் கலந்திருக்கும். பாதரசம் தோலில் கருநிறம் உண்டாவதைத் தடுக்கிறது. முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோல் வழியே இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகிறது. பூசியவரோடு நிற்பதில்லை. தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும், ஒரே துண்டைப் பயன்படுத்தும் வீட்டாருக்கும் போய்ச் சேருகிறது. ஸ்டீராய்டு, தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் முகத்தைச் செக்கச் சிவக்க எரிய வைக்கும்.

கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். அந்த நோயின் ஒரு தனிவகைக்கு ஆளான 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். சிறுநீரில் புரதம் இறங்கி, கால் வீங்கி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. களிம்பை நிறுத்தியபின் பலருக்கும் நோய் தணிந்தது.

பாதரசமும் பூமியில் கிடைக்கும் இயற்கைப் பொருளே. எனவே "இயற்கையா, செயற்கையா?" என்று கேட்பதை விட "உள்ளே என்ன இருக்கிறது, செய்தவர் யார்?" என்று கேட்பதே புத்திசாலித்தனம். கெடாமல் காக்கச் சேர்த்த அரைக் கிராமுக்கு அஞ்சிவிட்டு, பெயரே போடாத டப்பாவை நம்பி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல், அழகுப் பொருளை விற்குமுன் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது விதி. இப்போது அதனை என்.பி.ஆர்.ஏ. என்று அழைக்கிறார்கள். அறிவித்த பொருளுக்கு ஓர் எண் உண்டு. அது என்.ஓ.டி. என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கங்களோடு, கே என்ற எழுத்தில் முடியும். அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் எண்ணையோ பெயரையோ தட்டிப் பார்க்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

எண் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அது அறிவித்ததற்கு அடையாளமே தவிர, ஒவ்வொரு டப்பாவையும் அரசாங்கம் சோதித்ததற்குச் சான்றல்ல. எண் பெற்ற சில களிம்புகளிலும் பின்னர் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு, எண் இரத்து செய்யப்பட்டிருக்கிறது. எனினும் எண்ணே இல்லாததைத் தொடவே வேண்டாம்.

பாதரசக் களிம்பைக் கண்டுகொள்ள இன்னோர் அடையாளம் உண்டு. "தங்கம், வெள்ளி நகை மேல் படவிடாதீர்கள்" என்று சிலவற்றில் எழுதியிருக்கும். ஏன் தெரியுமா? பாதரசம் பட்டால் தங்கம் அதோடு கலந்து வெளுத்துப்போகும். தாலியில் படக்கூடாத ஒன்றைத் தாலி கட்டிய கழுத்தில் பூசலாமா? கலோமல், மெர்க்குரி, மெர்க்குரிக் என்ற சொற்கள் லேபிளில் இருந்தாலும் அது பாதரசமே. அழகுப் பொருளில் பாதரசம் கூடாது என்று மினமாட்டா உடன்படிக்கையின் மூலம் உலக நாடுகள் முடிவு செய்திருக்கின்றன. மினமாட்டா ஜப்பானியக் கடலோர ஊர். ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியே மனிதரைப் பாதித்தது அங்கே 1956-இல் தெரியவந்தது.

முன்பே இத்தகைய களிம்பைப் பூசியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கை நடுக்கம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

நல்ல களிம்பானாலும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தால் முகத்துக்கு வேண்டாம். லேபிளில் மூடி திறந்த ஜாடிப் படமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அது, திறந்தபின் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பதைக் காட்டும். ஈரக் கையை விடாதீர்கள். ஊறுகாய் ஜாடிக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை களிம்புக்கும் உண்டு.

வீட்டிலேயே செய்வதானால் பொடியாகவோ, நீர் வற்றக் காய்ச்சிய எண்ணெயாகவோ செய்யுங்கள். நீரில் குழைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வெயிலில் வேலைக்குப் போகும் பெண்கள் முகத்தை வெளுக்கச் செலவிடும் காசில் ஓர் அகன்ற தொப்பியும், நீளக் கைச் சட்டையும் வாங்கிக்கொள்ளலாம். அவற்றைப் போல் தோலைக் காப்பது வேறில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலைத் தாங்குவதற்கென்றே நம் தோலில் கருநிறம் அமைந்திருக்கிறது. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தலைமுறை அந்த நிறத்தோடுதான் இந்நாட்டு வெயிலில் நின்றது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் கேட்டால், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்கள். அந்தப் பதிலைச் சொல்லத் தயங்கி, மகளின் சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்துவிடக் கூடாது.